மூன்றாம் திருத்தப்படி

மனித உரிமை நாளுக்கு இரண்டு நாள் இருக்கையில்
ஐந்து பேர் வந்தார்கள் என் கடைக்கு.
ஒரே தாள், நான்கு பேனா.
பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டு எதிரில்
ஃப்ளெக்ஸ், நோட்டீஸ், மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை;
லேமினேஷன் என்றால் கையோடு.

"மலக்குழியில் இறங்கி மாண்ட தசரதன்"
என்றிருந்தது முதல் வரி.
பியூலா டீச்சர் முகம் சுளிக்கவில்லை,
மெதுவாகத்தான் சொன்னார்:
பிள்ளைகள் வருவார்கள்,
கழிவுநீர்த் தொட்டி என்று போடலாமே.
வக்கீல் இளம்பரிதி மேசையைத் தட்டினார்,
என் மவுஸ் குதித்தது:
நாற்றத்துக்கு சென்ட் அடிக்கவா கூட்டம் போடுகிறோம்?
நாறட்டும். படிக்கிறவன் மூக்கில் ஏறட்டும்.
படிக்கிறவள் எங்கே சார், என்றாள்
இதுவரை பேசாதிருந்த கல்லூரிப் பெண்.

மாண்ட வேண்டாம், சினிமா மாதிரி இருக்கிறது,
இறந்த போதும் என்றார் தோல் மண்டி முஜீப் பாய்.
கொல்லப்பட்ட, என்றார் வக்கீல்.
யாரால் என்று கேட்பார்களே?
கேட்கட்டும்.
அழித்தேன், அடித்தேன், அழித்தேன்.
டீ வந்து ஆடை கட்டியது.

ஆம்பூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள்
கடைப் படியிலேயே கட்சி பிரிந்தார்கள்.
இப்பல்லாம் வாயத் தொறந்தாலே குத்தம்பா,
இன்னாதான் பேசறது?
உன்ன எவன் இன்னா சொல்லிக் கூப்ட்டான்,
உனுக்கு இன்னா தெரியும்?
பஸ் போயேவிட்டது, இருவருக்கும்.

ஒன்றில் மட்டும் ஐவரும் ஒத்துப்போனார்கள்.
இறந்தான் இல்லை, இறந்தார்.
ன்-ஐத் துடைத்து ர் வைத்தேன்.
எனக்குத் தெரிந்து அந்த ஆளை
இந்த ஊரில் யாரும் ர் போட்டுப் பேசியதில்லை.
வாசல் சாக்கடை அடைத்தபோதெல்லாம்
தெருமுனையில் நின்று நான் கத்தியது:
டேய் தசரதா, வாடா.
என்னைவிட ஒன்பது வயது மூத்தவன்.
மூத்தவர்.

ஷட்டரைப் பாதி இறக்கும் நேரம்
நவநீதம் வந்தார்,
இறப்புச் சான்றிதழை லேமினேஷன் செய்ய.
கூடவே ஆஸ்பத்திரிச் சீட்டு.
மூச்சுத் திணறல் என்றது அது,
எங்கே திணறியது என்று சொல்லவில்லை.

நோட்டீஸ் திரையிலேயே இருந்தது.
புருஷன் பேரைப் பார்த்துவிட்டு
கண்ணாடியில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினார்.
"தொட்டியா?
தொட்டின்னா மாடு தண்ணி குடிக்கிறது.
குழின்னே போடுப்பா."
சரிக்கா என்றேன். அப்போ இந்த ர்?
அவருக்குப் புரியவில்லை. படித்துக் காட்டினேன்.
இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.
"அத்த எடுத்துடாத."

விரல் இன்னும் இறங்கியது,
நாள், நேரம், அனைவரும் வருக தாண்டி
இடம் என்ற வரிக்கு.
மூன்று திருத்தப்படியிலும் யாரும் தொடாத வரி.
பாதி வாடகைக்குக் கிடைத்த கல்யாண மண்டபம்.
அதே மண்டபம்.

"அந்தக் குழிய மூடிட்டாங்களா?" என்றார்.

மிஷின் சூடேறிக்கொண்டிருந்தது.
சான்றிதழை உள்ளே விட்டேன்,
மறுபக்கம் வழுவழுவென்று வந்தது.
முந்தானை முடிச்சிலிருந்து
இருபது ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.