நான்கு அடி

நீடாமங்கலத்திலிருந்து போனில் சொல்லிவிட்டார்கள்:
விடிவதற்குள் உங்கள் மதகுக்கு வந்துவிடும்.
சரி என்றேன்.
ஷட்டர் திருகுக்குக் கிரீஸ் தடவினேன்.
பல்சக்கரத்துக்குள் போன வருஷத்துச் சருகும்
ஒரு குருவிக்கூடும் இருந்தன.
எடுத்துச் சுவர்மேல் வைத்தேன்.
காலிக் கூடுதான்.

சுபிக்ஷா,
காய்ந்த ஆற்றில் முதல் தண்ணீர் எப்படி வரும் என்று
பக்கத்துக் கட்டில் பையனுக்கு நீ சொன்னாய்.
"பாம்பு மாதிரியெல்லாம் வராது.
வயசான நாய் மாதிரி வரும்.
ஒவ்வொரு குழியா மோந்து பாத்து
நின்னு நின்னு வரும்."
முகக்கவசத்துக்குள் அவன் சிரித்தான்.
ஜிப்மரில் நமக்கு அது ஆறாவது வாரம்.
ஆறே பார்க்காத செஞ்சிப் பையன்
இப்போது நாலாவது படிக்கிறான்.
அவன் அம்மா அனுப்பிய போட்டோவில்
முடி அடர்ந்து வளர்ந்திருக்கிறது.
உன் அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்,
சந்தோஷமாகத்தான்.
பிறகு அடுப்படிக்குப் போய்
வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

எண் எழுதுகிற வேலை எனக்கு.
காலை ஆறு, மாலை ஆறு.
வரத்து, போக்கு, மட்டம்.
ஆஸ்பத்திரியிலும் அதையேதான் செய்தேன்,
மருந்துச் சீட்டின் முதுகில்:
ஹீமோகுளோபின், வெள்ளணு, தட்டணு.
"இன்னைக்கு எவ்ளோப்பா?"
முப்பதாயிரம்.
"கடைமடைக்குப் பத்துமா?"
பத்தும் என்றேன்.
கடைமடைக்காரர்களிடம்
பதினெட்டு வருஷமாக நான் சொல்கிற
அதே பொய்.

ஆறு வற்றியதும் மே மாதத்தில்
அளவுகோல் கல்லில் முதுகை ஒட்டி நிற்பாய்.
தலைமேல் ஸ்கேலை வைத்து
சாக்பீஸில் கோடு கிழிப்பேன்.
மூன்றடி ஐந்து. மூன்றடி எட்டு. மூன்றடி பதினொன்று.
ஜூனில் தண்ணீர் வந்து கோட்டை அழிக்கும்.
அதில் உனக்கும் எனக்கும் வருத்தம் இருந்ததில்லை.
அடுத்த மே இருந்தது.

மொட்டைத் தலையோடு நின்ற வருஷம்
கோடு அதே பதினொன்றில்.
"சரியாப் பாருங்க" என்று
குதிகாலைத் தூக்கினாய்.
மணலில் உன் விரல்கள் மட்டும் அழுந்தியிருந்தன.
நான்கு அடி என்று எழுதிக்கொண்டேன்.

மாசியில் உளுந்து பூத்திருந்தது.
சின்னப் பிள்ளை, மண்ணுக்குத்தான் என்றார்கள்.
குழி வெட்டியவர் எவ்வளவு நீளம் என்று கேட்டபோது
எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

நாலேகாலுக்குத் தண்ணீர் வந்தது.
நீ சொன்ன மாதிரியேதான்.
நுரை, சருகு, பாட்டில் மூடி, ஒற்றைச் செருப்பு,
எல்லாவற்றையும் மூக்கால் தள்ளிக்கொண்டு
மோந்து மோந்து வந்து
கல்லின் காலடியில் கொஞ்சம் நின்றது.
சங்கத்துக்காரர்கள் பூவும் நெல்லும் தூவினார்கள்.
என் கையிலும் கொஞ்சம் கொடுத்தார்கள்.
வேலை இருக்கிறது என்று
ஷட்டரைத் திருகப் போனேன்.
முப்பத்தெட்டுச் சுற்று.

மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு
மட்டம் மூன்றடி பதினொன்று.
காற்றடித்தால் ஏறி நான்கைத் தொட்டது.
தொட்டது, இறங்கியது.
குதிகால் நோகிறவள் மாதிரி.
அலையிருந்தால் தாழ்ந்த மட்டத்தைத்தான் எழுத வேண்டும்,
விதி அது.
நான்கு அடி என்று எழுதினேன்.
குறிப்புப் பத்தியில்
இத்தனை வருஷமாக 'ஏதுமில்லை' என்றே எழுதிவந்தவன்
அன்று உன் பெயரை எழுதினேன்,
பள்ளிக்கூட வருகைப் பதிவில் இருப்பது போல
என் இனிஷியலோடு.

சனிக்கிழமை உதவிப் பொறியாளர் வந்தார்.
புதிதாகச் சேர்ந்த பெண்.
பக்கம் பக்கமாய் இறங்கிவந்த பேனா
அந்த வரியில் நின்றது.
"அளவு சரிதானே?"
சரிதான் மேடம்.
கையெழுத்துப் போட்டார்.
ஜீப்பில் ஏறியவர் திரும்பி இறங்கிவந்து
அளவுகோல் கல்லருகே கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனார்.

அன்றிரவு இடும்பாவனத்திலிருந்து மாசிலாமணி பேசினார்.
வருஷா வருஷம் கேட்கிற கேள்விதான்.
இந்தத் தடவை எங்களுக்குப் பத்துமா தம்பி?

தெரியலைங்க என்றேன்.
அந்தப் பக்கம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.
போனையும் வைக்கவில்லை.
ஷட்டருக்கு அடியில் தண்ணீர் போகிற சத்தத்தை
இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.