சக்கரம் தரை தொட்ட பிறகு

வேகத்தடை வந்தாலே இடது முன்பக்கம் ஒரு "டொக்".
உள்ளே பூட்டிவிட்டு வந்த யாரோ
பொறுமையிழந்து ஒருமுறை தட்டுவது போல.
மூன்று மாதம் வானொலியைக் கூட்டிவைத்துச் சமாளித்தாள் எலுனெட்.
நான்காம் மாதம் வானொலியும் நின்றது.

பெதெஸ்டாவில் மழை.
கல் வெட்டியெடுத்த மலைக்குக் கீழே, ஒரு கார் மட்டும் அடங்கும் கொட்டகை.
அதில் தொண்ணூற்றொன்றாம் வருடத்து மாஸ்டா,
இரண்டே இருக்கை, தூங்கி விழிக்கும் விளக்குகள்,
குளிர்காலச் சாலையின் உப்பு தின்ற விளிம்பு.
விவாகரத்துத் தாளில் கார் அவளுக்கு.
புஷ் தள்ளும் கருவி கெதினுக்கு.
வழக்கறிஞர் இருவருக்கும் இதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

போய்க் கேட்டாள். கொடுத்தான்.
பழைய துண்டில் சுற்றி,
மரையெல்லாம் துடைத்து எண்ணெய் விட்டு.
டீ குடிக்கிறாயா என்று அவன் கேட்கவில்லை,
அதற்கு நன்றி.

மூன்று இரவு துருவுக்கு எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டாள்.
போல்ட் இருந்த கோணத்தைச் சாக்பீஸால் குறித்தாள்.
ஸ்பானரில் இரண்டடிக் குழாயைச் செருகித் தொங்கினாள்.
அசையவில்லை.
தீ காட்டினாள். ரப்பர் கருகிய நாற்றம்
தலைமுடியில் ஏறி, மறுநாள் மருந்துக்கடைக் கவுன்டர்வரை கூட வந்தது.
ஐந்தாம் நாள், எதிர்பாராத நேரத்தில்,
துப்பாக்கி வெடித்தாற்போல் விட்டுக்கொடுத்தது.
விரல்முட்டி நான்கும் தோலுரிந்தன.
கெட்டவார்த்தை வெல்ஷில்தான் வந்தது;
அம்மா காதில் விழாத தூரம்.

வெளியே வந்த புஷ்ஷைப் பார்த்தால் பாவமாக இருந்தது.
இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே
முப்பது வருடம் வாங்கிக்கட்டிக்கொண்ட ரப்பர்,
வெடித்து, உதிர்ந்து, உள்ளங்கையில் மை.
புதியவை எட்டும் ஃப்ரீசரில்,
பட்டாணிப் பைக்கும் மீன்துண்டுக்கும் இடையே,
குளிரில் ஒரு மயிரிழை சுருங்கினால் போதும் என்று.
கருவியின் மரையைத் திருகத் திருக
மூக்கால் அழுதபடி ஒவ்வொன்றாய் உள்ளே போயின.
எட்டாவது போன இரவு
கார் இன்னும் ஸ்டாண்டில், சக்கரங்கள் அந்தரத்தில்.
எல்லா நட்டையும் இறுக்கிவிட்டு
வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னையே தட்டிக்கொடுத்தாள்.

பதினொரு மணிக்குப் போன். கெதின்.
"ஒன்றே ஒன்று. சக்கரம் தரை தொட்ட பிறகுதானே முடுக்கினாய்?"
"பின்னே?" என்றாள்.
"தெரியும். சும்மா கேட்டேன்."

போனை வைத்துவிட்டு நின்றாள்.
தொங்கும் கையோடு முடுக்கினால்
தொங்குவதுதான் இயல்பு என்று ரப்பர் நம்பிவிடும்.
பிறகு காரின் எடை வந்து அமரும்.
நின்றாலும் ஓடினாலும் அது முறுக்கிக்கொண்டே இருக்கும்,
ஆறே மாதத்தில் கிழியும்.
அவளுக்குத் தெரியாததா?
அவள் வீட்டில் அப்படி இருவர் இருந்தார்கள்.

கோட்டை நைட்டிக்கு மேலே மாட்டிக்கொண்டாள்.
சக்கரத்துக்கு அடியில் பலகைகள் அடுக்கி, ஜாக்கை இறக்கி,
அட்டையில் மல்லாந்து படுத்து
எட்டையும் தளர்த்தினாள்.
எட்டாவது தளர்ந்ததும்
கார் ஒரு விரற்கடை தாழ்ந்து உட்கார்ந்தது,
செருப்பைக் கழற்றிய ஆளைப் போல.
முன்பக்கத்தை நான்குமுறை அமுக்கிவிட்டு
மறுபடி முடுக்கினாள்.
டார்க் ரெஞ்ச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும்
எண்ணை உரக்கச் சொன்னாள்,
கேட்க யாருமில்லை என்றாலும்.

ஞாயிறு காலை, ஓக்வென் ஏரிச்சாலை.
வேகத்தடை. ஒன்றுமில்லை.
இன்னொன்று. ஒன்றுமில்லை.
பள்ளத்தைத் தேடிப்போய் இறக்கினாள்.
அந்த அமைதியில்தான் கேட்டது:
பயணி பக்கக் கதவுக்குள்
குட்டியாக ஏதோ உருளும் சத்தம்.
இத்தனை நாள் "டொக்" அதை மூடிவைத்திருந்தது.

கதவின் உள்தகட்டைக் கழற்றினாள்.
பத்து எம்.எம். சாக்கெட்.
ஜன்னலைச் சரிசெய்த அன்று தொலைத்துவிட்டு,
நீதான் எங்கேயோ வைத்தாய் என்று
கெதின் இரண்டு வருடம் சொல்லிக்காட்டியது.

திங்களன்று கருவியை
அதே துண்டில் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள்.
மரையெல்லாம் துடைத்து, எண்ணெய் விட்டு.
சாக்கெட் கோட்டுப் பையில் இருந்தது.
அது தாளில் இல்லை.