சில்லறை

மேலச் சித்திரை வீதி மாடியில்
நோட்டுக்கு மட்டும்தான் விலை சொல்வேன்.
ஆட்டோ அக்கினிச்சாமி துண்டை அவிழ்த்து
நாலு யூரோக் காசைக் கொட்டினார்,
சவாரி வந்தவர்கள் கைக்குள் திணித்தவை.

ஒரு பக்கம் நாலிலும்
அதே வரைபடம், அதே ஒன்று.
மறுபக்கம் ஆளுக்கொரு கோலம்.

ஜெர்மனிக் கழுகைக் கருடன் என்று
கண்ணில் ஒற்றிக்கொண்டார்.
பிரான்சு மரத்தில் என்ன காய்க்கும் என்றார்;
எனக்கும் தெரியவில்லை.
அயர்லாந்துக் காசில் யாழ்.
“நம்ம யாழ் அங்க எப்படிய்யா போச்சு?”
கிரேக்க ஆந்தையைத் தொடவே இல்லை.
“ராத்திரி இது முழிச்சிருந்தா
பொண்டாட்டி தூங்க மாட்டா.”

காசு மாற்ற முடியாது என்றேன்.
மூன்றை முடிந்துகொண்டு இறங்கினார்.

ஆள் வராத மூன்று மணி வெயிலில்
காற்றாடிக்குப் பறக்கிற ரசீதுகள்மேல்
ஆந்தையை உட்கார வைத்தேன்.
பகலிலும்
கண் திறந்தே இருக்கிறது.