ஸ்டூடியோ கோட்டு

திருமங்கலம் ஜோதிவிலாஸ் ஸ்டூடியோவிலிருந்து
மதுரைக் காப்பகத்துக்குப் பதினோரு தகரப் பெட்டிகள் வந்தன.
திறந்ததும் காடி நாற்றம்.
ஒரு பெட்டியில் பல்லிமுட்டை ஓடுகள்.

எனக்கு நாளொன்றுக்கு நூற்றிருபது நெகட்டிவ்.
கையுறை மாட்டி, விளக்குப் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும்:
கறுத்த பற்கள், நரைத்த வாலிபர்கள்,
நெற்றியில் கரிக்கோடாய்த் திருநீறு.
பிறகு கட்டங்களை நிரப்ப வேண்டும்.
பெயர்: தெரியவில்லை.
ஊர்: தெரியவில்லை.
ஆண்டு: உத்தேசம்.

பில் நோட்டு, கரையான் தின்றது போக, பாதி இருந்தது.

மூன்றாம் நாள்தான் கோட்டைக் கவனித்தேன்.
இடது பையோரம் தையல் விட்ட அதே கோட்டு.
கருமாத்தூர் ஒச்சு போட்டிருக்கிறார், மலேயா பாஸ்போர்ட்டுக்கு.
கப்பலூர் அருளப்பன், பெண்வீட்டுக்கு அனுப்ப.
காஜா மைதீன் மடியில் குழந்தை;
அது பொத்தானைப் பிடித்து இழுக்கிறது.
அடுத்த உறையிலிருந்து
நடுப்பொத்தான் இல்லை.

அதை வைத்தே ஆண்டு பிரித்தேன்:
பொத்தானுக்கு முன், பொத்தானுக்குப் பின்.
இதென்ன முறை என்றார் மேலதிகாரி.
வேறு முறை இருந்தால் சொல்லுங்கள் என்றேன்.
சொல்லவில்லை.

கோட்டு பெரிது.
ஒல்லியானவர்களுக்கு முதுகில் துணிக்கிளிப் போட்டு
இறுக்கியிருக்கிறார்கள்.
முன்பக்கம் கலெக்டர்.
பின்பக்கம், சுவர்க்கண்ணாடி தப்பித்தவறிக் காட்டிக்கொடுக்கும்
மூன்று மரக்கிளிப்.
சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.
கழுத்தில் தொங்கும் என் அட்டையிலும் கோட்டு உண்டு,
சிம்மக்கல்லில் நாற்பது ரூபாய்க்குக்
கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது.
அன்று உள்ளே என்ன போட்டிருந்தேன்,
ஞாபகமில்லை.

துளசிராம், சந்தைப்பேட்டை. மூன்று காப்பி.
அட்வான்ஸ் ரெண்டு, பாக்கி ஒண்ணரை.
வாங்க வரவில்லை.
அவருக்குக் கீழே இன்னும் பதினேழு பேர்
வாங்க வரவில்லை.

ஏழாம் பெட்டி. 2214 முதல் 2216.
நோட்டில் இந்த மூன்று எண்ணும் கிடையாது.
ஒரு பெண். கோட்டு.
முதலாவதில் விறைத்து நிற்கிறாள்.
இரண்டாவதில் கை பைக்குள்.
மூன்றாவதில் சிரித்ததில் அசைந்து
முகம் புகையாகிவிட்டது.
சுவர்க்கடிகாரம் ரெண்டே கால் காட்டுகிறது,
கதவு சாத்தியிருக்கும் நேரம்.
வெளுப்பைக் கறுப்பாக்கித் திருப்பினால்
விரல்நுனியெல்லாம் கறை:
மருதாணியோ, இருட்டறை மருந்தோ.
எடுத்தது யார்?
படத்தில் அவர் இல்லை, இருக்கவும் மாட்டார்.

விதி எட்டு: ஆடிய படங்களைத் தவிர்க்கவும்.
ஸ்கேன் செய்தேன், இருப்பதிலேயே பெரிய அளவில்.
அன்றைய கணக்கு தொண்ணூற்றாறு; கேட்டார்கள், சொன்னேன்.
உடை என்ற கட்டத்தில் கோட்டு என்று அடித்தேன்.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
கை நின்றது.

கண்ணாடி இருக்கும் மூலையைப் பெரிதாக்கினேன்.
முதுகு தெரிகிறது, சடைநுனி தெரிகிறது.
கிளிப் இல்லை.
தோள்தையல்
தோளிலேயே நிற்கிறது.