செலவு

நாலாவது லைனில் முதல் தும்மல்
கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் விழுந்தது.
ஓவர்லாக்கிலிருந்து பிளாட்லாக்குக்கு,
பிளாட்லாக்கிலிருந்து செக்கிங்குக்கு,
பண்டல் போகிற வழியிலேயே அதுவும் போனது,
ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகாமல்.

மார்கழிப் பனியில் நாங்கள் தைப்பது
யாருடைய கோடைகாலமோ.
கையில்லாத பனியன், எலுமிச்சை நிறம்,
நெஞ்சில் ஒரு தென்னைமரம்.
பஞ்சு மூக்கில் ஏறி
அந்த மரத்தின் மேலேயே தும்முகிறாள் மயிலாத்தாள்.
"நம்ம சளியும் கப்பலேறுதுங் அக்கா" என்கிறாள்.
சிரித்தால் இருமல் வருகிறது.

மெடிக்கலில் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.
ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, பாதியாய் உடைத்த ஒன்று,
காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள்.
போன வருஷம் அதை விழுங்கிவிட்டுத்தான்
ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்தேன்.
கண் சொருகியது. ஊசி
நகத்தோடு இறங்கியது.

இந்த முறை மளிகைக்கடையில் நின்று
"செலவு குடுங்" என்றேன்.
சுக்கு, குறுமிளகு, வால்மிளகு,
திப்பிலி, சித்தரத்தை, ஒரு சிட்டிகை ஓமம்.
எங்கள் பக்கத்தில் இதற்குப் பேரே செலவு.
ஏன் என்று கேட்டவர் யாருமில்லை.
முப்பது ரூபாய்.
சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்த்து அரைத்து
கொதிக்க விட்டு
அடுப்படியிலேயே நின்று குடித்தேன்.
காது வரைக்கும் சுட்டது.

அப்புறம்தான் பெரிய செலவு:
சூப்பர்வைசருக்குப் போன் செய்து
"ரெண்டு நாள் வரமாட்டனுங்" என்றேன்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
ஷிப்மெண்ட் தேதி மட்டும் மூச்சுவிட்டது.

தூங்கினேன்.
நொச்சித் தழை போட்டு வேது பிடித்தேன்,
மறுபடி தூங்கினேன்.
பதினொரு மணிக்கு முழிப்பு வந்தபோது
ஜன்னல் கம்பி வழியாக ஒரு துண்டு வெயில்
சிலிண்டர் மேல் ஏறி
அரிசி டின்னைத் தொட்டு
என் கால்மாட்டுக்கு வந்திருந்தது.
வேலம்பாளையத்தில் இந்த லைன் வீட்டுக்கு
குடிவந்து நாலு வருஷம்.
இங்கே வெயில் வரும் என்று
இன்றைக்குத்தான் தெரியும்.
தள்ளிப் படுக்கவில்லை.
காலை அதற்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பிபின் இருமினான்.
ஒடிசாக்காரன், கட்டிங்கில் வேலை,
எங்கள் ஊர்த் தமிழை
கூலிக் கணக்கு வழியாகக் கற்றவன்.
ஒரு போசி ரசம் கொண்டுபோய் நீட்டினேன்.
"என்னக்கா இது?"
"செலவுங்."
சட்டைப் பையைத் தடவினான்.
"எத்தனை?"

விளக்க முயன்றேன். இருமல் விடவில்லை.
அவன் கொஞ்சம் குடித்தான், கண்ணில் தண்ணீர் வந்தது,
மீதியையும் குடித்தான்.
சாயங்காலம் ஒரு கிண்ணம் கடுகெண்ணெய்,
பூண்டு கருகக் காய்ச்சியது.
உள்ளங்கால் என்ற சொல் தெரியாமல்
தன் காலைத் தூக்கித் தட்டிக் காட்டினான்.
தேய்த்தேன்.
அந்த எண்ணெய் பயங்கர வாசமாம்,
மயிலாத்தாள் பிறகு சொன்னாள்.
மூக்கடைப்பிலும் ஒரு நன்மை.

மூன்றாம் நாள் விடியலில் மூச்சு
இரண்டு பக்கமும் போய் வந்தது.
திப்பிலியா, நொச்சியா, கடுகா,
தானாக வந்தது தானாகப் போனதா,
தெரியாது.
அந்த வெயிலுக்கும் ஒரு பங்கு
கொடுக்கத் தோன்றுகிறது எனக்கு.

கம்பெனியில் முதல் வேலையாக
கிழக்கு ஜன்னலை அடைத்திருந்த அட்டைப்பெட்டிகளை
நானும் மயிலாத்தாளும் நகர்த்தினோம்.
"பனி வருது, சாத்துங்" என்றது ஒரு குரல்.
"பஞ்சு போகுது, இருக்கட்டுமுங்" என்றது இன்னொன்று.
மத்தியானம் வரை திறந்திருந்தது.

சனிக்கிழமை சம்பளக் கவரில் இரண்டு நாள் இல்லை.
சிட்டையைத் திறந்து எழுதினேன்:
செலவு, முப்பது ரூபாய்.
அதன் கீழே,
செலவு, இரண்டு நாள் தூக்கம்.
கூட்டவில்லை.

பிபின் இருமுவதில்லை இப்போது.
என் போசிதான்
இன்னும் வரவில்லை.