கழித்தபின் மீதி

பிரிஸ்பேனில் டிசம்பர். பழந்தின்னி வௌவால்கள்
ஆற்றைக் கடந்து வெகுநேரம் ஆகிவிட்டது.
நிலவறைக் கூடத்தில் மாறாத இருபத்தோரு பாகைக் குளிர்.
சற்றே சூடேறினாலும் ஆடிகள் நகர்ந்துவிடுமென்று
கதவில் எழுதி ஒட்டியிருக்கிறான் ஃபெர்கஸ்:
"திறக்காதே. கையில் கேக் இருந்தாலும்."

உள்ளே ஹைட்ரஜன்.
ஒரு கரு, ஒரு எலெக்ட்ரான், வேறு ஆளில்லாத வீடு.
லேசர் மோதும்போது ஒரு பக்கச் சுவர் மெலிகிறது.
மெலிகிறதே தவிர விழுவதில்லை.
ஏறிக் கடக்க எலெக்ட்ரானுக்கு வலுவில்லை.
ஆனாலும் வெளியே நிற்கிறது
ஏறாமல், இடிக்காமல்.

சுவருக்குள் எவ்வளவு நேரம் இருந்தாய்?

ப்ரான்வின் கேட்பது இதைத்தான், பதினோரு வருடமாக.
ஒளியின் விசையே முள்ளாகச் சுழலும் கடிகாரம் அவளுடையது;
வெளிவந்ததை அது வீசியெறியும்,
விழுந்த திசைதான் மணி.

விரலை நொடித்தால் ஒரு மாத்திரை,
மெய்க்கு அரை, குறுகிய மகரத்துக்குக் கால்.
அதற்குக் கீழே நம் இலக்கணம் படியிறங்கவில்லை.
இவள் தேடும் அளவை ஒரு நொடியாக நீட்டினால்
நாம் இமைத்து முடிப்பதற்குள்
ஒரு சூரியன் பிறந்து எரிந்து தீர்ந்துவிடும்.

முன்பு ஆர்கானில் முள் நாலு பாகை விலகியிருந்தது.
தாமதம் என்று எழுதினாள். மேடைகளில் பேசினாள்.
வெளியே வந்த பின்னும்
பின்னிருந்து இழுக்கிறதே கரு,
அந்த இழுப்பை உத்தேசமாகத்தான் கழித்திருந்தாள்.

ஹைட்ரஜனில் உத்தேசம் வேண்டாம்.
மூன்று மணி பத்துக்கு ஃபெர்கஸ் கழித்தான்.
பூஜ்யம்.
மறுபடி கழித்தான்.
"மன்னிச்சுக்கோ" என்றான், பூஜ்யத்தைத் தானே செய்தவன்போல.

அவள் குளிர்பெட்டியைத் திறந்து
யாரோ பெயரெழுதி வைத்திருந்த மாம்பழத்தைத்
தோலோடு கடித்தாள்.

போன மாதம் விவாகரத்துப் படிவத்தில் ஒரு கட்டம்:
பிரிந்த தேதி.
ஒரே கூரையின்கீழ் பிரிந்திருந்தாலும் செல்லும், சட்டப்படி;
தேதி மட்டும் வேண்டும்.
சமையலறையில் அவனுக்கும் சேர்த்து முட்டை உடைத்த ஒரு காலையில்
அவள் ஏற்கெனவே வெளியே நின்றிருந்தாள்.
முந்தின இரவு உள்ளே.
நடுவில் எதுவும் நடந்ததாக ஞாபகமில்லை.
இத்தனை வருடத்துச் சாய்வெல்லாம்
கிளம்பத் தயங்கியதாலா,
கிளம்பிய பின் இழுபட்டதாலா?
கட்டம் காலியாகவே கைப்பையில் கிடக்கிறது.

பதிவேட்டில் எழுதினாள்:
"தாமதம், பிழை எல்லைக்குள், இல்லை."
கீழே பென்சிலில், சிறியதாக:
"அல்லது கேள்வி தப்பு."

மாங்கொட்டையோடு கதவைத் திறந்தாள்.
வெக்கை உள்ளே வந்தது.
அவளுக்குப் பின்னால் ஆடிகள் நகர்ந்தன,
எவ்வளவு என்று அன்றைக்கு யாரும் அளக்கவில்லை.