எந்தப் பெட்டியில்

வால்மியெராவில் மே மாதம் இருட்டவே பத்து மணி ஆகும்.
அந்த வெளிச்சத்தை நம்பித்தான்
ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று
தைகாவிடம் சொல்லியிருந்தேன்.

தேன்சட்டம், புகைக்குழல், முகவலை, மெழுகுத்தாள்,
உயிருள்ள ராணிகள் விற்கிற கடை.
நாலாயிரத்துச் சொச்சம் முகவரிகள்.
ஏற்கெனவே ஒரு மென்பொருள் அவர்களுக்கு
மின்னஞ்சல் போட்டுக்கொண்டிருந்தது:
வாங்கினால் நன்றி,
வாங்காவிட்டால் மூன்று நாள் பொறு,
அப்போதும் வாங்காவிட்டால் பத்து சதவீதம் தள்ளுபடி.
கை உண்டு அதற்கு. காது கிடையாது.
காது பொருத்தத்தான் என்னை அழைத்தார்கள்.

நாற்பது எழுத்தில் ஒரு சாவி உருவாக்கி
ஏஐ ஏஜென்டிடம் கொடுத்தேன்.
படிக்கலாம், எழுதலாம், குறிச்சொல் ஒட்டலாம், அனுப்பலாம்,
யாரையும் அழிக்க மட்டும் கூடாது.
அனுப்புமுன் மனிதர் ஒருவர் பார்க்கவேண்டுமா
என்று திரை கேட்டது.
வேண்டாம் என்றேன்.
தைகாவுக்கு ஏற்கெனவே முதுகுவலி.

முதல் வாரமே ஒருவருக்கு நூற்றுக்கு நூறு போட்டது.
போகிற ஒவ்வொரு அஞ்சலையும் அந்த நொடியே திறந்து
இருக்கிற சுட்டியையெல்லாம் அழுத்துகிற ஆர்வலர்.
தேடிப்பார்த்தால்
ஏதோ அலுவலகத்தின் வைரஸ் வடிகட்டி.
இரண்டுக்கும் பிடித்துப்போயிருந்தது.
சிரித்தோம்.

ஜூனில் எண்ணூறு பேரை
'உறங்குபவர்கள்' என்று ஒதுக்கிவைத்தது.
தைகா கண்ணாடி மாட்டிக்கொண்டு பட்டியலைப் படித்தாள்.
"கூடு பிரிகிற காலம் இது.
பாதிப்பேர் ஏணிமேல் நிற்கிறார்கள்.
மீதிப்பேருக்கு விரலெல்லாம் பிசின்,
போனைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும்."

பிறகு ஆர்வீத்ஸ் எழுதினார்,
தள்ளுபடி அஞ்சலுக்குப் பதிலாக, இரண்டே வரி.
அம்மா செத்துவிட்டாள்.
வியாழனுக்குள் வேறொருத்தியை அனுப்புங்கள்.

லாட்விய மொழியில் ராணித்தேனீயை
அம்மா என்றுதான் சொல்வோம்.
அவள் இல்லாத பெட்டி
இரவெல்லாம் வேறு சுருதியில் இரையும்.

ஏஜென்டுக்கு முதல் வரி போதுமாயிருந்தது.
'துக்கம்' என்று குறிச்சொல் ஒட்டி,
தொண்ணூறு நாளுக்கு விளம்பரங்களை நிறுத்தி,
நிதானமாக, எனக்கு வராத நடையில்,
ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எழுதி அனுப்பியது.
இரண்டாம் வரியை
அதிர்ச்சியில் வந்த பிதற்றல் என்று பதிந்துகொண்டது.

வியாழன் போயிற்று. ராணி போகவில்லை.
திங்களன்று ஆர்வீத்ஸ் நேரிலேயே வந்தார்.
அஞ்சலை அச்செடுத்து
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.
திட்டப்போகிறார் என்று நின்றோம்.
"அந்தப் பெட்டி போயிற்று" என்றார்.
கல்லாப்பக்கம் பார்த்துக்கொண்டே,
"என்னைப் பெற்றவள் போனபோது
இந்தக் கடையிலிருந்து ஒருவரும் எழுதவில்லை."
இரண்டு ராணிகள் எடுத்துக்கொண்டு
ஒன்றுக்குத்தான் பணம் கொடுத்தார்.
தைகா கேட்கவில்லை.

அன்றிரவு ஒரு விதி எழுதினேன்.
யாராவது அம்மா இறந்துவிட்டாள் என்றால்
எந்தப் பெட்டியில் என்று முதலில் கேள்.
கூடவே, திரையின் பழைய கேள்விக்குத் திரும்பிப்போய்
வேண்டும் என்று மாற்றினேன்.

ஆகஸ்டில் ரூயியெனாவிலிருந்து ஒரு பதில்.
முகவரி ஸெல்மாவுடையது, எழுதியவன் மகன்.
அம்மா இறந்துவிட்டாள். இனி அஞ்சல் வேண்டாம்.
வரைவு அதற்குள் தயார்:
மிகவும் வருந்துகிறோம். எந்தப் பெட்டியில்?

கீழே பச்சைப் பொத்தான் காத்திருந்தது.
விதியைத் திருத்த நான் விசைப்பலகையை இழுத்தேன்.
"இரு" என்றாள் தைகா,
தொலைபேசியில் எண்களை
ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு.
மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.
"பதினொரு பெட்டி வைத்திருந்தாள்" என்றாள் என்னிடம்,
வாங்கியை மார்பில் சாய்த்து,
"இப்போது யார் பார்க்கிறார்களோ."